மணல்மேடு ஏறுகிற செயின்

ஹனீப் வாசலில் குந்திக்கொண்டு மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தில் புதுப் பல்சக்கரத்தை முடுக்குகிறான். ஒட்டியிருக்கும் சைடுகாரில் அவன் மனைவி பீவி ஜான் முக்காடு போட்டு உட்கார்ந்திருக்கிறாள். காய்ச்சலில் கால் இரண்டும் விளங்காமல் போனபிறகு, மூன்று வருடமாக அவள் பழவேற்காட்டிலுள்ள தாய்வீட்டைப் பார்க்கவில்லை. போன வாரம் கிளம்பியபோது தெருமுனை மணல்மேட்டிலேயே வண்டி திணறி நின்றுவிட்டது. நாலு பேர் தள்ளித் திருப்பிவிட்டார்கள். வீடு வரும்வரை அவள் திரும்பித் திரும்பி அந்த மேட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள். இந்தப் புதுப் பல்சக்கரத்தில் பழையதைவிடப் பற்கள் அதிகம், அதற்கேற்ப செயினும் நீளம். காலை வெயில் எண்ணெய் பூசிய கண்ணிகளில் ஒவ்வொன்றாக ஏறி இறங்குகிறது.

“வேகம் கொறையும் பீவி, ஆனா நல்லா இழுக்கும்.”

“எனக்கின்னா அவசரம்? வழியெல்லாம் பாத்துக்கினே வரேன்.”

கடைசிக் கண்ணியைப் பூட்டி, சக்கரத்தைக் கையால் சுற்றுகிறான். செயின் எங்கும் இடறாமல் சரசரவென்று ஓடுகிறது. சோதித்துப் பார்க்கத்தான் தெருமுனை மணல்மேட்டுக்கு வண்டியை விடுகிறான். சக்கரம் மணலில் புதைகிறது, வண்டி உறுமுகிறது, பிறகு மாடு இழுப்பதுபோல் நிதானமாக ஏறுகிறது. உச்சியில் கிழக்குக் காற்று அவள் முக்காட்டைத் தள்ளிவிடுகிறது. அவள் அதைச் சரிசெய்யவில்லை. அவன் வண்டியைத் திருப்பப் பார்க்கிறான்.

“திருப்பாதீங்க. அப்பிடியே அம்மா ஊட்டுக்கு உடுங்க.”

“கையெல்லாம் எண்ணெ. ஊடு வேற தொறந்து கெடக்குது, பீவி!”

“கெடக்கட்டும்,” என்கிறாள் அவள், சாலையைப் பார்த்தபடியே.