சாய்வதற்குள்

கிளாட்வினின் புது ரேஸ் சைக்கிளுக்கு ஸ்டாண்ட் கிடையாது. நண்பர்கள் வாயைப் பிளக்கும்படி ஒரு படம் வேண்டும், அதில் சைக்கிளைத் தவிர யாரும் தெரியக் கூடாது. அதனால் உப்பளத்து வரப்பில் தங்கை ஜெனிட்டா சீட்டைப் பிடித்திருப்பாள். அவன் சொன்னதும் விட்டுவிட்டு விலகுவாள். சாய்வதற்குள் அவன் படமெடுத்துவிடுவான், அவள் பாய்ந்து வந்து பிடிப்பாள். பன்னிரண்டாவது தடவை விட்டபோது சைக்கிள் சாயவில்லை. காற்றில் அவள் துப்பட்டா படபடத்தது. சைக்கிள் அசையாமல் நின்றது.

"பிடிக்கட்டாண்ணே?" என்றாள் மெதுவாக.

"வேண்டாம். தொட்டுறாத."

உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் பலகைகளைப் போட்டுவிட்டு வந்து, கொஞ்சம் தள்ளியே நின்றார்கள். கிளாட்வின் போனைச் சட்டைப்பைக்குள் போட்டான். பிறகு குனிந்து செருப்பைக் கழற்றினான்.