சிவப்பு அம்பு

பனியன் கம்பெனியில் விஜயராணியின் கண்ணுக்கு எந்தப் பிசிறும் தப்பாது. அதனால்தான் முதலாளி மகன் தரணி, தாங்கள் திருப்பணி செய்யும் கோயிலுக்கு அவளை அழைத்து வந்திருந்தான்.

"ஆறு யாளித் தூணும் ஒரே மாதிரி இருக்கோணுங்க்கா. மாறினது லாரியில திரும்பப் போயிரும்."

மணல் பீய்ச்சிக் கழுவிய தூண்கள் ஒரே நிறத்தில் கிடந்தன. மூன்று முறை சுற்றினாள். ஒரு யாளிக்கு மட்டும் நாக்கு இடப்பக்கம் வளைந்திருந்தது. கம்பெனிப் பழக்கத்தில், பிழை காட்டும் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை அதில் ஒட்டினாள்.

அதை லாரியில் ஏற்ற கிரேன்காரர் கயிறு கட்டும்போது சிற்பி மொக்கைச்சாமி ஓடிவந்தார்.

"நிறுத்துங்கய்யா. நான் செஞ்சது அஞ்சுதான். இது எண்ணூறு வருசத்துச் சாம்பிள். அந்த நாக்கு வளைவுதான் எனக்கு வரவே இல்ல."

விஜயராணி அம்பை உரித்துக்கொண்டு தரணியிடம் திரும்பினாள்.

"அப்ப அந்த அஞ்சுலயும் ஒட்டட்டுமா சார்?"

தரணி லாரியையே பார்த்துக்கொண்டிருந்தான்.