ஊருக்குள் விடக்கூடாத ஆள்

அம்பாசிடர் காருக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றார் மாயவன். அண்ணனுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது என்று பின்னால் நின்ற முப்பது பேரும் நினைத்துக்கொண்டார்கள்.

காரிலிருந்து இறங்கியவர் தமிழரசன். மெட்ராஸ் வாரப் பத்திரிகை ஒன்றில் இடஒதுக்கீட்டுப் போராட்டத்தைக் கிண்டலடித்து எழுதியே பேர் வாங்கியவர். பாதி ஜனம் அவரைத் திட்டுவதற்கென்றே காசு கொடுத்துப் படித்தது.

தனக்கு வந்த ஒரு மொட்டைக் கடிதத்தை வைத்து, போன வாரம் இந்த ஊரைப் பற்றி எழுதியிருந்தார். இடஒதுக்கீடு கேட்டு நடந்த சாலை மறியல் அன்று, குறுக்கே வெட்டிப்போட்ட புளியமரத்தருகே, பிரசவ வலியில் துடித்த ஒரு பெண்ணின் மாட்டுவண்டியை ஊர்க்காரர் ஒருவர் திருப்பி அனுப்பினார். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போய்ச்சேராமலே அவள் செத்தாள் என்று.

எழுதியது அத்தனையும் நிஜம். திருப்பி அனுப்பியவர் மாயவன். ஊருக்கே தெரியும், ஊரே வாயை மூடிக்கொண்டது. இன்று கூடி நிற்பதும் அவரைக் காப்பாற்றத்தான்.

"உன்ன ஊருக்குள்ள விடக்கூடாதுன்னு தீர்மானம் பண்ணிட்டோம். வந்த வழியே போய்க்கினே இரு" என்றான் மாயவனின் பங்காளி கொளஞ்சியப்பன். "எவனோ மொட்டக் கடுதாசி போட்டான்னு எங்க ஊரு மானத்த வாங்கிட்டியே."

"கடுதாசில வண்டியைத் திருப்பினவர் பேரும் இருந்துச்சு. விசாரிக்காம எப்படின்னு நான்தான் அச்சுல போடல" என்றார் தமிழரசன். "அந்தப் பொண்ணோட புருஷன்கிட்ட ரெண்டு வார்த்தை கேட்டுட்டுப் போயிடறேன்."

புருஷன் பழனி ஓரமாக நின்றிருந்தான். மாயவன் நிலத்தில்தான் கூலிவேலை. மூன்று வாரமாக மாயவன் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. வேலை சொல்வதைக்கூட ஆள் விட்டுத்தான் சொன்னார்.

"அண்ணே, நான் ஒரே ஒரு வார்த்த பேசிக்கிறனே" என்றான் பழனி.

பேசட்டும் என்று ஒரு சொல் சொன்னால் போதும். மாயவனுக்குத் தொண்டை வரைக்கும் வந்தது. முப்பது பேரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

"வோணாம் பழனி. வூட்டுக்குப் போ" என்றார், தரையைப் பார்த்தபடி.

பழனி வீட்டைப் பார்த்து நடந்தான். நீயெல்லாம் ஒரு மனுஷனா என்று தன்னையே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது மாயவனுக்கு.

தமிழரசன் சண்டைக்கு நிற்கவில்லை. "போன வருஷம் ஒரு வெளிநாட்டுல என்னை ஏர்போர்ட்டோட திருப்பி அனுப்பிட்டாங்க. உள்ள விட்டா கலவரம் வருமாம். ஆனா, அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாங்க. நீங்களும் குடுங்க, போயிடறேன்."

"ஒரு நாடே கதவ சாத்துதுன்னா நாங்க சாத்தக் கூடாதா?" கொளஞ்சியப்பனுக்கு ஒரே குஷி.

"சாத்துங்க. நான் எழுதினது பொய்யின்னா, உள்ள விட்டே பொய்யின்னு காட்டியிருக்கலாம்."

ஒருவர் ஓடிப்போய் நோட்டு கொண்டுவந்தார்.

அந்த ஊரில் மனு, பத்திரம், கல்யாணக் கடிதம் எதுவானாலும் எழுதுவது மாயவன்தான். இன்று நோட்டை வாங்கவே இல்லை. "விரல்ல அருவா பட்டுட்டுது. நீயே எழுது" என்று கொளஞ்சியப்பனிடம் தள்ளிவிட்டார்.

காரின் பானட்டில் வைத்து அவன் கோணல்மாணலாக நாலு வரி எழுதினான். "ஊருக்குப் பெரிய மனுஷன் நீதாண்ணே. கீழ கையெழுத்துப் போடு."

மாயவன் தயங்கினார். நாளைக்கு போலீஸ், கோர்ட்டு என்று போனால் இந்தக் காகிதமே வினையாகிவிடுமோ என்று அண்ணன் பயப்படுவதாகக் கொளஞ்சியப்பனுக்குப் பட்டது.

"இன்னாண்ணே யோசன? ஊரே உன் பின்னால நிக்கிது."

நின்றதுதான் பாரமாக இருந்தது. பேனாவை வாங்கி, மாயவன் என்று முழுப் பேரையும் எழுதினார்.

தமிழரசன் காகிதத்தை வாங்கினார். மேலே இருந்த நாலு வரியை அவர் படிக்கவில்லை. கையெழுத்தையே வெகுநேரம் பார்த்தார், பிறகு மாயவனைப் பார்த்தார்.

காரில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கி, அவரை மட்டும் அருகில் கூப்பிட்டார். அவருக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்:

"கடுதாசில உங்களைக் காட்டிக் குடுத்ததும் இதே கையெழுத்துதாங்க."