பழைய ஒலிப்பதிவு

பார்வையற்றோருக்கான அந்த ஒலிநூலகத்தில், முதல் காதலைச் சொல்லும் அந்த நாவலைக் கேட்காதவர்களே கிடையாது. அதை இப்போது ஒரு நாடக நடிகரை வைத்துப் புதிதாகப் பதிவு செய்திருந்தார்கள். பழைய பதிவை அன்று அழிப்பதாக இருந்தது.

"புதுசைக் கேட்டுப் பாருங்க சார். குரல் தேனா இருக்கு," என்றாள் நூலகப் பெண்.

"கேட்டேன்மா. நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்குப் பழசுதான் வேணும்," என்றார் வெள்ளைக் கோலோடு வந்தவர்.

"அது யாரோ ஒரு அம்மா வீட்டுல உக்காந்து படிச்சு அனுப்பினது சார். காதலர்கள் பிரியற இடத்துல போய், 'என்னங்க, பால் பொங்குது, அடுப்பை அணைங்க'ன்னு கத்தறாங்க. அழுதுக்கிட்டே கேக்கறவங்களும் சிரிச்சுடுவாங்க."

அவரும் சிரித்தார். "மூணு தடவை கத்துவா."

கணினியின் மேல் இருந்த அவள் கை அப்படியே நின்றது.

"அவ போய் எட்டு மாசம் ஆச்சும்மா. அதை அவ படிச்ச அன்னைக்குப் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். கதையில அந்தப் பையன் நிஜமாவே ஊரை விட்டுப் போயிடுவானான்னு தெரியாம, எனக்கு எழுந்திருக்கவே மனசு வரல. பால் மொத்தமும் வழிஞ்சு போச்சு."

அழிக்க வேண்டிய பட்டியலிலிருந்து அந்த நாவலை அவள் நீக்கினாள். "அந்த இடத்தை மட்டும் தனியா எடுத்துத் தரட்டுமா சார்?" என்று கேட்டாள்.

"வேண்டாம்மா, முழுசாவே கொடு. கதையை நடுவுல இருந்து கேட்டா அவளுக்குக் கோபம் வரும்."