அம்மாவோடது பேசாது

டாக்டரம்மா சொல்லி முடித்தபோது அவளுக்கு அழுகைதான் வந்திருக்க வேண்டும். சிரிப்பு வந்தது.

மடியில் கொள்ளாமல் உட்கார்ந்து, அவள் கைப்பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தான் மகன் முகிலன். உள்ளே தின்ன ஒன்றுமில்லை என்று அவனுக்கும் தெரியும். இருந்தாலும் தேடுவான்.

சாப்பிட்டுக் கைகழுவும்போதே மறுபடி பசிக்கிற பிள்ளை. வீட்டில் சமையலறைக்குப் பூட்டுப் போட்டிருக்கிறது.

"மூக்கு எங்கூட்டு மூக்கு. பசி மட்டும் உங்கூட்டுப் பசி."

மாமியார் இதைச் சொல்லாத விசேஷம் கிடையாது. அவள் பிறந்த வீட்டின் ரேஷன் அரிசிச் சோற்றைத்தான் குத்திக் காட்டுவாள்.

அவளும் அதை நம்பிவிட்டாள். அதுதான் கொடுமை.

ரிப்போர்ட் வேறு சொன்னது. டாக்டரம்மா அதை விளக்கினாள்.

"எந்த மரபணுவும் அம்மாகிட்ட ஒண்ணு, அப்பாகிட்ட ஒண்ணுன்னு வரும். பசியைப் பாத்துக்கற இந்த இடத்துல மட்டும் அம்மாவோடது பேசாதுங்க. எல்லாருக்குமே அப்படித்தான். அப்பாவோடதுதான் பேசணும். இவனுக்கு அப்பாகிட்ட இருந்து வர வேண்டிய அந்தத் துண்டே இல்லை. யார் தப்பும் இல்லை, தானா நடக்கிறது."

"அம்மாவோடது ஏன் பேசாதுங்க?"

"வயித்துக்குள்ளேயே ரெண்டு பக்கத்துக்கும் இழுபறின்னு சொல்றாங்க. அப்பா பக்கம், 'அம்மாகிட்ட இன்னும் வாங்கு'ங்கும். அம்மா பக்கம், 'போதும், அடுத்த பிள்ளைக்கும் வேணும்'ங்கும்."

அதற்குத்தான் சிரித்தாள். அங்கேயுமா சம்பந்திச் சண்டை! அங்கேயும் வாயை மூடிக்கொண்டிருப்பவள் தாய்தானா!

கணவன் பக்கத்தில்தான் இருந்தான். எல்லாவற்றையும் கேட்டான். தலையாட்டினான்.

வராந்தாவுக்கு வந்ததும் அவன் போன் அடித்தது.

"ஆமாம்மா, ரிசல்ட் வந்துருச்சு." அவளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தான். "அந்த எடத்துல இவளோடது பேசறதில்லையாமா."

அவ்வளவுதான்.

ஒரு சொல்கூடப் பொய்யில்லை. மீதியை விழுங்கிவிட்டான்.

"நாந்தான் அன்னைக்கே சொன்னனே..." போனுக்கு வெளியே கேட்டது மாமியாரின் குரல்.

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இத்தனை வருஷமும் இப்படித்தான் எரிந்தது. எரிந்துகொண்டே சோறு போட்டாள், பூட்டினாள், சாவியை மாமியார் கையில் கொடுத்தாள்.

முகிலன் அவள் முந்தானையை இழுத்தான். "பசிக்குதும்மா."

அவன் கையை எடுத்துக் கணவன் கையில் வைத்தாள். போனை வாங்கினாள்.

"அத்தை, நான் பேசறனுங்க."