அரை அங்குலம்

கொப்புடையம்மன் சந்நிதியில் சூடத்தை அணைத்துச் சொல்லச் சொன்னாலும் நான் தயார். இதில் ஒரு வார்த்தை கூடப் பொய் கிடையாது.

போன மாசி மாதம், ஆகாய விமானங்கள் விழாமல் இருப்பதற்கு நான்தான் மேசை போட்டுக் கொடுத்தேன்.

டில்லியிலிருந்து சர்க்கார் ஆட்கள் ஆறு பேர். விமானக் கம்பெனிகளிலிருந்து ஆறு பேர். சாப்பாடு நன்றாக இருக்கிற ஊரில் கூடினால் சண்டை வராது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். காரைக்குடிக்கு வந்து, ஓட்டலாகிவிட்ட ஒரு பழைய பெரிய வீட்டில் இறங்கியிருந்தார்கள்.

விபத்தைக் குறைக்க இரண்டு தரப்பும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசுவது என்று ஏற்பாடு. அந்த வீட்டில் பன்னிரண்டு பேருக்கு ஒரே மேசை இல்லை. இரண்டு இருந்தன. சேர்த்துப் போட்டால் சர்க்கார் பக்கத்து மேசை அரை அங்குலம் உயரமாக நின்றது.

தரையைக் குறை சொல்ல முடியாது. ஆத்தங்குடிக் கல். கோலிக்குண்டை வைத்தால் வைத்த இடத்தில் நிற்கும்.

கம்பெனிக்காரர்களுக்குத் தலைவர் நவநீதகிருஷ்ணன் என்கிற பைலட். பூர்வீகம் கீழச்சிவல்பட்டி. தாழ்ந்த மேசையில் உட்கார்ந்து தப்பை ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று நின்றுவிட்டார். சர்க்கார் பக்கத்துத் தலைவி ராஜப்ரியா. காலுக்கு அட்டை வைக்கலாமே என்றார். அட்டை வைத்து உயர்த்துவது இன்னும் அவமானம் என்றார் இவர்.

அரை நாள் இப்படியே போனது. பிறகுதான் ஆசாரி ஆண்டியப்பனைக் கூட்டிவர ஆள் வந்தது. ஆண்டியப்பன் நான்தான்.

எனக்கும் இந்த விஷயத்தில் சொந்தக் காரியம் ஒன்று உண்டு.

என் மகன் விக்னேஸ்வரன் நாலு வருஷமாக வீட்டுக்கு வரவில்லை. எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த ராமுத்தாய், தினம் வாசல் தெளிக்கும்போது கேட்பாள்:

"ஒங்க மகன் எப்பத்தான் வாராக, ஆசாரியாரே?"

"பிளேன் ஒண்ணும் சரியில்ல தாயி. சரியாகட்டும், வருவான்."

இது என் தினப்படிப் பதில். ஏதோ ஒரு விமானம் சக்கரம் இறங்காமல் வானத்திலேயே சுற்றியது என்று டிவியில் சொன்னால், அந்த வாரம் முழுக்க எனக்குக் கவலையில்லை. ராமுத்தாயே அங்குட்டு இருந்து, "இப்ப வர வேணாம்னு சொல்லிப்போடுங்க" என்பாள். சொல்லிவிட்டேன் என்பேன்.

மேசையைக் கவிழ்த்துப் போட்டேன். பர்மாத் தேக்கு. ரம்பத்துக்கே வியர்த்தது. சர்க்கார் பக்கத்துக் கால்கள் நாலையும் அறுத்தேன்.

"வந்த அன்னைக்கே சர்க்கார் காலை வாரிட்டீகளே ஆசாரியாரே" என்றார் நவநீதகிருஷ்ணன்.

"வாரலங்க. அறுத்துத்தான் இருக்கேன்."

அறுத்த நாலு துண்டையும் சர்க்கார் ஒரு கவரில் போட்டு, அரக்கு வைத்து ஒட்டி, என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டது.

உட்கார்ந்தார்கள். மேசை ஆடினால் பார்க்க என்னையும் ஓரமாக இருக்கச் சொன்னார்கள். ஆனாலும் பேச்சு ஓடவில்லை. தப்பைச் சொன்னால் தண்டிப்பீர்கள் என்றது கம்பெனி. சொல்லாவிட்டால் அடுத்தவனும் அதே இடத்தில் தப்புப் பண்ணுவான் என்றது சர்க்கார்.

கடைசியில் ராஜப்ரியா பேனாவை மூடி வைத்தார். யார் பேரையும் எழுத மாட்டோம், தண்டனை கிடையாது, நடந்ததை மட்டும் சொல்லுங்கள் என்றார்.



பிறகு ஒரு பைலட் ஆரம்பித்தார். ஓடுபாதை என்று நினைத்து ஒரு நெடுஞ்சாலையில் இறங்கப் பார்த்தாராம். முன்னால் போன வைக்கோல் வண்டிக்காரன் ஓரமாக ஒதுங்கிக் கை காட்டி வழிவிட்ட பிறகுதான் சந்தேகம் வந்து மேலே தூக்கினாராம்.

ஒரு மெக்கானிக், இறக்கைக்குள் திருப்புளியை மறந்து வைத்து மூடிவிட்டாராம். அது பதினோரு நாடு சுற்றிவிட்டுத் துருப்பிடிக்காமல் திரும்பியிருக்கிறது. நான் மதுரைக்கு அப்பால் போனதில்லை.

அதற்குமேல் அவர்களை அடக்க முடியவில்லை. சாப்பாடு தயார் என்று மூன்று தரம் வந்து சொன்னார்கள். கோழி வறுவல் ஆறிப்போனது. மொத்தம் இருபத்தேழு தப்பு. ஒவ்வொன்றையும் சர்க்கார் எழுதிக்கொண்டது, கம்பெனி திருத்துகிறேன் என்றது. எழுந்து கை கொடுத்துக்கொண்டார்கள். இனிமேல் ஜனங்கள் இன்னும் நம்பி ஏறலாம் என்றார் ராஜப்ரியா. நவநீதகிருஷ்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். என்னைத் தவிர. நாளைக் காலையில் ராமுத்தாய் கேட்பாளே, அவளுக்கு என்ன சொல்வது?

ரம்பத்தைத் துடைத்துக்கொண்டே ராஜப்ரியாவிடம் கேட்டேன்.

"அப்ப, என் மகன் பயமில்லாம வரலாங்களாம்மா?"

"தாராளமா வரச் சொல்லுங்க அய்யா. எங்கேருந்து வரணும்?"

பன்னிரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

பேர் எழுத மாட்டார்கள், தண்டிக்க மாட்டார்கள். தெரிந்தும் நான் குனிந்து மரத்தூளைக் கூட்டி அள்ளினேன்.

விக்னேஸ்வரன் குடியிருப்பது தேவகோட்டையில். எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம்.