பதினாலாம் நம்பர் பேப்பர்

“ஒரு மார்க்குக்காகவா மரக்காணத்துலேருந்து பஸ் ஏறி வந்தீங்க?”

தலைமையாசிரியை விசாலாட்சி கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“ஆமாங்க. ஒரு மார்க்குதான்” என்றாள் செண்பகம். கசங்கிப்போன ஒரு விடைத்தாளை மேஜையில் வைத்து உள்ளங்கையால் நீவிவிட்டாள்.

தாளில் பெயர் இல்லை. பதினாலு என்று நம்பர் மட்டும் இருந்தது.

சனிக்கிழமை விழுப்புரத்தில் மாவட்ட ஆங்கிலப் போட்டி. திண்டிவனத்தின் அந்தப் பள்ளியிலிருந்து ஒரே ஒரு பிள்ளைதான் போகலாம். யார் என்று தேர்ந்தெடுக்க, ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கில மரபுத்தொடர்கள் இருபதைக் கொடுத்து அர்த்தம் எழுதச் சொல்லியிருந்தார்கள். ஆள் பார்த்து மார்க் போட்டார்கள் என்ற பேச்சு வரக்கூடாது என்றுதான் பெயருக்குப் பதில் நம்பர்.

ஆங்கில ஆசிரியர் பார்த்திபனைக் கூப்பிட்டனுப்பினார்கள். அவர் வரும்போதே அலுத்துக்கொண்டு வந்தார்.

“பேரண்ட்ஸ் மீட்டிங்னா ஒருத்தரும் எட்டிப் பாக்கறதில்ல மேடம். மார்க்குன்னா மட்டும் ஓடியாந்துடறாங்க.”

“மீட்டிங்கைக் காலைல ஒம்போது மணிக்கு வெக்கிறீங்க சார். அப்பதான் கரையில மீனு ஏலம் போவுது. சாயங்காலமா வெச்சுப் பாருங்க, வர்றேனா இல்லியான்னு தெரியும்.”

பார்த்திபன் தாளை எடுத்துப் பார்த்தார்.

“இருபதுக்குப் பதினெட்டு வாங்கியிருக்கா உங்க பொண்ணு. நல்ல மார்க்குதானே? இதுக்குமேல என்ன வேணும்?”

“பொண்ண உடுங்க சார். பேப்பரப் பாருங்க. பதினோராவது கேள்வி.”

‘இன் த சேம் போட்.’ ஒரே படகில் என்று. பதிலின் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு.

“இதுக்கு அர்த்தம், ஒரே மாதிரி கஷ்டத்துல மாட்டிக்கினு இருக்கறது. கைடுல அப்படித்தான் போட்டிருக்கு. அதை எழுதாம, இவ பாட்டுக்குக் கதை எழுதி வெச்சிருக்கா.”

“இன்னா கதைன்னு படிங்க. மேடமும் கேக்கட்டும்.”

விசாலாட்சியே தாளை வாங்கிப் படித்தார். சின்னச் சின்னதாக மூன்று ஆங்கில வாக்கியங்கள். தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: ‘காற்று வந்தால் எல்லோருக்கும்தான் வரும். பயமும் எல்லோருக்கும்தான். நன்றாக நீந்தத் தெரிந்தவனும் நடுவில் இறங்கி வீட்டுக்குப் போக முடியாது.’

அவர் இன்னொரு முறை படித்தார்.

“உங்களுக்கு இங்கிலீஷ் தெரியுமாம்மா?” என்று கேட்டார் பார்த்திபன்.

“தெரியாது சார். ஊட்ல பொண்ணு படிச்சுக் காமிச்சா. ரெண்டு மாசமா எங்க ஊட்ல இதே பேச்சுதான். சுலபமான வேலைன்னா கேக்குத் துண்டாம். மழை புடிச்சா நாயும் பூனையுமா கொட்டுதாம். அதெல்லாம் எனக்கு வெளங்கல. போட்டு வெளங்கும். இருவத்திரண்டு வருசமா எங்க ஊட்டுக்காரரு போட்டுல போறாரு. அந்தக் கைடு எழுதுனவரு ஒரு நாளாவது போயிருப்பாரா?”

“அவரு எதுக்கும்மா போவணும்?”

“அப்ப இதுல இன்னா தப்புன்னு நீங்களே சொல்லுங்க.”

“தப்புன்னு இல்ல…” பார்த்திபன் இழுத்தார். “கைடுல இருக்கற மாதிரி இல்ல.”

“கேள்வித்தாளு மேல இன்னா அச்சடிச்சிருக்கீங்க? அதையும் படிங்க.”

‘சொந்த வார்த்தைகளில் எழுதவும்’ என்று ஆங்கிலத்தில் இருந்தது.

“இன்னிக்கு ஒரே பேஜாரு” என்றார் பார்த்திபன். “குரல உசத்தாதீங்கம்மா. இது மீன் மார்க்கெட் இல்ல.”

“மார்க்கெட்டுல நான் எடை கொறைச்சா நாலு பேரு கேக்கறாங்க சார். நான் நின்னு பதில் சொல்றேன். இங்க நான் கேக்கறேன். நீங்க சொல்லுங்க. சரின்னா மார்க் போடுங்க. தப்புன்னா ஏன் தப்புன்னு சொல்லுங்க. ரெண்டுல ஒண்ணு தெரியாம நான் இந்த எடத்த உட்டு நகர மாட்டேன்.”

பார்த்திபன் தலைமையாசிரியையைப் பார்த்தார்.

“பதில் சரிதான் பார்த்திபன்” என்றார் விசாலாட்சி. “கைடுல இருக்கறத விட நல்லாவே இருக்கு.”

பிறகு செண்பகத்தின் பக்கம் திரும்பினார்.

“ஆனா அம்மா, ஒண்ணு புரிஞ்சுக்கணும். முதல்ல வந்தது ஒன்பதாம் நம்பர். பதினெட்டரை மார்க். நேத்தே பிரேயர்ல பேரைச் சொல்லி, எல்லாரும் கை தட்டியாச்சு. இப்ப இந்தப் பேப்பருக்கு ஒரு மார்க் போட்டா பத்தொன்பது ஆயிடும். விழுப்புரம் போற ஆளே மாறிடும்.”

“மாறட்டும்.”

“எவ்ளோ சுலபமா சொல்றீங்க! உங்க பிள்ளைக்காக இன்னொரு பிள்ளையோட இடத்தைப் புடுங்கறமேன்னு கொஞ்சம்கூட உறுத்தலையா?”

“சரியா எழுதுனவ எவளோ அவ போவட்டுங்க. அதான் நாயம்.”

“நாயம் பேசறது சுலபம். நாளைக்கு அந்த ஒன்பதாம் நம்பர் பொண்ணோட அம்மா வந்து நின்னு, ‘எம் பொண்ணு பேரை ஏன் எடுத்தீங்க’ன்னு கேட்டா, நான் என்ன பதில் சொல்றது?”

செண்பகம் மேஜையில் கிடந்த சிவப்புப் பேனாவை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

“கேக்க மாட்டா மேடம். இது பக்கத்து ஊட்டுப் பொண்ணு பஸ்ஸுல கசக்கிப் போட்ட பேப்பரு. ஒம்போதாம் நம்பருதாங்க எம் பொண்ணு. மார்க்கப் போடுங்க.”